பல்லைக் காட்ட எங்கே போகலாம்? தருமபுரி பக்கத்துக் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல் டாக்டரிடம் போகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறவர்கள் ஒரு வகை. கல்யாணம் நிச்சயமானதும், முன்பல்லில் இருக்கிற பழுப்புக் கறையை எடுக்க முடியுமா என்று கேட்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. வலியும் இல்லை, கல்யாணமும் இல்லை, சும்மா ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம் என்று போகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிப் போகலாம் என்று நினைத்தாலும், எங்கே போவது என்ற கேள்வியில் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையா, டவுனில் இருக்கும் தனியார் கிளினிக்கா, சேலம் அல்லது பெங்களூரில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியா, ஊருக்கே வருகிற இலவச முகாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் காட்டுவதற்கும் சுத்தம் செய்வதற்கும், அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய இடம்தான் சரி. அது அரசு இடமா தனியாரா என்பதை உங்கள் நேரமும் கையிருப்பும் முடிவு செய்யட்டும். செலவு பல ஆயிரங்களுக்குப் போகிற வேலை என்றால் மட்டும் கல்லூரி வரைக்கும் போகலாம். முகாம் வந்தால் காட்டுங்கள். முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆனால் இடங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு குழப்பம் நமக்கு உண்டு.

கறையா, காரையா, சொத்தையா

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய போர்வெல்கள் நம் பக்கம் நிறைய. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற வார்த்தைகளும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

ஃப்ளோரைடால் வருகிற பழுப்புக் கறை பல்லின் மேல் படிவது இல்லை. குழந்தை பிறந்ததிலிருந்து எட்டு வயதுவாக்கில் வரை, நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் எனாமல் சரியாக இறுகாமல் போகிறது. முன்பற்களைப் பொறுத்தவரை முதல் மூன்று நான்கு வருடங்கள்தான் முக்கியம். லேசாக இருந்தால் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளைத் திட்டுகள், கொஞ்சம் அதிகமானால் மஞ்சள், பழுப்பு, ரொம்ப அதிகமானால் சின்னச் சின்னக் குழிகள். முப்பது வயதில் ஒருவர் பாலக்கோட்டுக்குக் குடிவந்து போர் தண்ணீர் குடித்தால் அவர் பல்லில் இந்தக் கறை புதிதாக வராது. எலும்புக்கும் மூட்டுக்கும் கெடுதல் என்பது வேறு விஷயம். அதற்கு வயது வரம்பு கிடையாது.

ஆக, நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்தால் மூன்று விதமான கறைகள் கலந்து தெரியும். ஒரு டார்ச்சும் கண்ணாடியும் இருந்தால் ஓரளவுக்கு நீங்களே பிரித்துப் பார்க்கலாம். ஃப்ளோரைடு கறை ஜோடி ஜோடியாக இருக்கும். இடது முன்பல்லில் இருந்தால் வலது முன்பல்லிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். குழி விழாத பல்லாக இருந்தால் நகத்தால் தடவும்போது வழவழவென்றுதான் இருக்கும். பற்காரை, அதாவது பல்லில் கல் மாதிரி இறுகிப்போன அழுக்கு, ஈறு ஓரத்தில், குறிப்பாகக் கீழ் முன்பற்களின் உள்பக்கம் படிந்திருக்கும். நாக்கை வைத்தால் சொரசொரப்பு தெரியும். வெற்றிலை, புகையிலைக் கறை கறுப்பும் பழுப்புமாகப் பல்லின் இடுக்குகளிலும் உள்பக்கத்திலும் அப்பிக் கிடக்கும். சொத்தை என்பது பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் மேல் பள்ளத்திலோ இரண்டு பல்லுக்கு இடையிலோ ஆரம்பிக்கும். சாப்பிட்டது அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கும்.

காரையையும் வெற்றிலைக் கறையையும் டாக்டர் கிளீனிங் செய்தால் எடுத்துவிடலாம். ஃப்ளோரைடு கறை கிளீனிங்கில் போகாது. ‘காசு கொடுத்து கிளீன் பண்ணியும் பழுப்பு அப்படியே இருக்கு, ஏமாத்திட்டாங்க’ என்று நம் பக்கம் கேட்கிற புகாரில் பாதி இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது. அதைவிட மோசம், கறை போகட்டும் என்று அடுப்புக்கரி, செங்கல்தூள், உப்பு என்று வைத்துத் தேய்ப்பது. உள்ளே இருக்கிற பழுப்பு அப்படியே இருக்கும். மேலே இருக்கிற நல்ல எனாமல்தான் தேயும். அப்புறம் மாங்காய் கடித்தாலும் கூச்சம், குளிர்ந்த தண்ணீர் குடித்தாலும் கூச்சம்.

கூடவே ஒரு சந்தேகம் வரும்: தண்ணீரிலேயே இத்தனை ஃப்ளோரைடு இருக்கும்போது ஃப்ளோரைடு பேஸ்ட் தேவையா? பெரியவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். பல் முளைத்த பிறகு அதன் மேல் படும் ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்கிறது. துப்பிவிடுவதால் உள்ளே போவதும் சொற்பம்தான். கறை உள்ள பல்லுக்குச் சொத்தை வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழி விழுந்த பல்லில் அழுக்கு தங்குவதால் சொத்தை பிடிக்கும். கவனம் தேவைப்படுவது சின்னக் குழந்தைகளுக்கு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு, அதுவும் பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அது நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஆகாது. வீட்டில் இன்னும் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் குழந்தைக்கு எந்த பேஸ்ட் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி இன்னும் கூடும். ஆர்.ஓ. இயந்திரம் அதைக் குறைக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்தி, போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மெடிக்கல் ஷாப்பும் சந்தைக் கடையும்

நான்கு வழிகள் என்று சொன்னாலும் பெரும்பாலோர் முதலில் எடுப்பது ஐந்தாவது வழியை. மெடிக்கலில் ‘பல் வலிக்கு ரெண்டு மாத்திரை’ என்று வாங்கிப் போடுவது. வலி மாத்திரை வலியை அடக்கும். கிராம்பு எண்ணெயும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். சொத்தை உள்ளே போவதை இரண்டும் நிறுத்தாது. சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலியே இருக்காது. அடுத்த அடுக்குக்குப் போனால் ஜில்லென்று எதைக் குடித்தாலும் கூசும். நரம்பு இருக்கிற நடுப்பகுதிக்குப் போனால் ராத்திரியில் படுத்ததும் விண்விண் என்று தெறிக்கும். முதல் கட்டத்தில் போயிருந்தால் சில நூறு ரூபாயில் அடைத்துவிட்டு வந்திருக்கலாம். மூன்றாவது கட்டத்தில் வேர் சிகிச்சை (ரூட் கேனால்), அதற்கு மேல் கேப் என்று ஆயிரங்களில் போகிறது. சில சமயம் மாத்திரை போட்ட பிறகு வலி தானாகவே நின்றுபோகும். நரம்பு செத்துவிட்டது என்பதைத்தான் ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறோம். அடியில் சீழ் வைத்து, சில மாதங்கள் கழித்துக் கன்னம் வீங்கும். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, எச்சில் விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல், காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் பல் கட்டித் தருகிறவர்கள். நல்ல பல்லோடு சேர்த்து பிளாஸ்டிக்கை ஒட்டி, கழற்றவே முடியாதபடி கட்டிவிடுவார்கள். அடியில் சுத்தம் செய்ய வழியில்லாமல், ஒரு பல் போன இடத்தில் பக்கத்துப் பல் இரண்டும் சேர்ந்து போகும். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலிருந்தே பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். தமிழ்நாட்டில் பதிவு எண் கொடுப்பது மாநிலப் பல் மருத்துவ கவுன்சில். கிளினிக் போர்டில் படிப்பும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசு மருத்துவமனை

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது. கிருஷ்ணகிரிக்கு 2022-ல். அவற்றின் மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. தாலுகா மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் டாக்டர் இருக்கிறார். ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் நின்றால் பார்ப்பது, பல் எடுப்பது, அடைப்பது, மாத்திரை எல்லாம் இலவசம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் பல் எடுப்பார்கள். அந்தக் காலத்துக் கதைகளை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா கையில் காசே இல்லாமல் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வரலாம்.

அப்படியானால் இதில் செலவே இல்லையா? இருக்கிறது, ஒரு நாள் கூலி. ஓ.பி. காலையில்தான். சீட்டு, வரிசை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே, மறுபடி வரிசை என்று மதியம் ஆகிவிடும். பல் எடுக்க வந்தவர்கள் கூட்டத்தில், வலியில்லாமல் ‘சும்மா பாருங்க’ என்று வந்து நிற்கிறவருக்கு டாக்டர் ஒதுக்கக்கூடிய நேரமும் கொஞ்சம்தான். அது அவர் குற்றம் இல்லை. வேர் சிகிச்சைக்கான கருவிகள் எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிளீனிங்குக்கு வேறொரு நாள் வரச் சொல்வதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பூப்பறிக்கும் வேலைக்குப் போகிறவர், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் ஜி.எச். போகிற அதே நாளில், வருடத்துக்கு ஒரு தடவை தனக்கும் பல் பிரிவில் ஒரு சீட்டு. தனியாக ஒரு நாள் கூலி போவதில்லை.

என் கணிப்பில், பல் எடுக்க, சீழுக்கு வைத்தியம் பார்க்க, வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் காட்ட, அரசு மருத்துவமனைதான் முதல் இடம். கடைசியாகச் சொன்னதற்கு முக்கியமான காரணம், மேற்கொண்டு சதைப் பரிசோதனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு, அறுவை சிகிச்சை என்று போக வேண்டியிருந்தால் எல்லாம் அங்கேயே தொடரும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கவும் அதுதான் பாதுகாப்பு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்க வேண்டுமென்று தாங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. சீட்டைக் காட்டினால் டாக்டர் சொல்வார்.

டவுன் கிளினிக்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மட்டும் இல்லை, அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை அளவு ஊர்களிலும் இப்போது பல் கிளினிக்குகள் இருக்கின்றன. சாயங்காலமும் திறந்திருப்பதுதான் இவற்றின் பெரிய சௌகரியம். ஓசூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வேலை கெடாமல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். போன முறை எடுத்த எக்ஸ்ரே அங்கேயே இருக்கும், அதே டாக்டர் பார்ப்பார். ‘ஆறு மாசத்துக்கு முன்னாடி இந்தக் கடைவாய்ப் பல்லில் சின்னக் கோடுதான் இருந்தது, இப்ப குழி விழுந்திருக்கு’ என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிவது இங்கேதான். வழக்கமாகக் காட்டுவதன் பயனே அந்த ஒப்பீட்டில் இருப்பதால், பணம் கொஞ்சம் புழங்குகிற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சொத்தை என்று ஒன்றைக் காட்டப் போனால் நான்கைச் சொல்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்து, கேட்பதுதான். எந்தப் பல் என்று கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் எவ்வளவு ஆழம் என்று காட்டச் சொல்லுங்கள். இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும், ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பொறுமையாகச் சொல்வார். பெரிய தொகை என்றால் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். பல் அதுவரை ஓடிப்போகாது.

இன்னொன்றும் பார்க்கலாம். கருவிகள் ஒரு பக்கம் காகிதமும் ஒரு பக்கம் தெளிவான பிளாஸ்டிக்குமாக இருக்கும் உறையில் வருகின்றனவா, அதை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். உறையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். ஆட்டோகிளேவ் என்கிற, கிருமியைக் கொல்லும் இயந்திரத்தில் நீராவிச் சூடு பட்டால் அது நிறம் மாறிவிடும். மாறியிருந்தால் கருவி அந்தச் சூட்டுக்குள் போய் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பளபளவென்ற சோபாவையும் டி.வி.யையும்விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கிளீனிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் நம் ஊரில் வதந்தி அதிகம். பல்லில் படிகிற மெத்தென்ற அழுக்கைத் தினமும் துலக்கினால் எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் சில நாளிலேயே எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். அதன்பின் எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. கிளினிக்கில் நுனி அதிர்கிற ஒரு கருவியால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அதை உதிர்ப்பார்கள். ஈறு வீங்கியிருந்தால் ரத்தம் வரும், இரண்டு மூன்று நாள் கூச்சம் இருக்கும். ‘கிளீன் பண்ணினால் பல் ஆட்டம் கண்டுவிடும்’ என்பார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லை, இரண்டு செங்கல்லுக்கு நடுவே பூசிய சிமென்ட் மாதிரி அந்தக் காரை பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். கிளீனிங் எனாமலைத் தேய்ப்பதும் இல்லை. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் இதே ரகம்தான். கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

கல்லூரி

சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரி ஏதாவது கவிழ்ந்து கிடக்காவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கே அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு, தனியார் கல்லூரிகளும் ஏராளம். தமிழ்நாட்டு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று மூன்றுமே நமக்குத் தூரம்.

கல்லூரியில் வேலை செய்வது மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும். நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி என்பது பி.டி.எஸ். கணக்கு. அதற்கு மேல் படிக்கிறவர்கள் சிக்கலான வேலைகளைச் செய்வார்கள். ‘பசங்க கத்துக்கறதுக்கு நம்ம வாய்தானா கிடைச்சுது’ என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். கிளினிக்கில் அரை மணியில் முடிகிற வேலை இங்கே இரண்டு மணி நேரம் ஆவதும் அதனால்தான். எடுப்பதற்கு ஒரு பிரிவு, அடைப்பதற்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று என்று மாடி ஏறி இறங்க வேண்டும். கட்டணம் வெளியில் ஆவதைவிடக் கணிசமாகக் குறைவு.

கணக்கு இங்கேதான். ஒரு பல்லைக் காட்டவும் கிளீனிங்குக்கும் சேலம் போய்வந்தால் பஸ் காசும் கூலியும் சேர்ந்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். மூன்று பல்லுக்கு வேர் சிகிச்சை, முழுப் பல் செட், பிள்ளைக்குக் கிளிப் என்றால் கணக்கு மாறிவிடும். அப்போதும் ஒன்றைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்: எத்தனை தடவை வர வேண்டும்? கிளிப் என்றால் ஒன்றரை இரண்டு வருடம் மாதாமாதம் போக வேண்டும். பாதியில் விட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். வேர் சிகிச்சையைப் பாதியில் விடுவது அதைவிட மோசம். வலி நின்றதும் போகாமல் இருந்துவிட்டு, மேலே வைத்த தற்காலிக அடைப்பு விழுந்து, ஒரு நாள் அந்தப் பல் இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

முன்பல் பழுப்புக்கு வழி தேடுகிறவர்களுக்கும் கல்லூரி நல்ல இடம். கறை லேசாக இருந்தால் எனாமலின் மேல்தோலை மட்டும் மருந்தால் மெல்லத் தேய்த்து எடுப்பது, அதோடு வெளுக்கவைப்பது போதும். அழுத்தமான பழுப்பு, குழி என்றால் பல் நிறப் பசையைப் பூசி மறைப்பார்கள். செலவு குறைவு, ஆனால் சில வருடங்களில் நிறம் மாறும், பெயரும், மறுபடி பூச வேண்டியிருக்கும். பீங்கான் தகடு ஒட்டுவது அழகாகவும் நெடுநாளும் இருக்கும். விலையும் அதிகம், பெரும்பாலும் பல்லைக் கொஞ்சம் செதுக்க வேண்டும், செதுக்கியது திரும்ப வளராது. நல்ல பல்லை முழுக்கச் செதுக்கி வரிசையாக கேப் போட்டுக்கொள்வதை, அதுவும் இருபது வயதில், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் அவசரமே இல்லை.

முகாம்

முகாமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நாற்காலி போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். எக்ஸ்ரே இல்லாமல் இரண்டு பல்லுக்கு இடையில் இருக்கிற சொத்தை பெரும்பாலும் தெரியாது. சில கல்லூரிகள் முகாமில் பார்த்தவர்களைத் தங்கள் வண்டியிலேயே அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது உண்டு. கல்லூரிக்குப் போகிற தூரத்தை இது தீர்த்துவிடுகிறது என்பதால் அந்த வாய்ப்பை விட வேண்டாம். மற்றபடி பிள்ளை முகாமிலிருந்து கொண்டுவருகிற சீட்டு, பையிலேயே கசங்கிக் கிடந்தால் முகாமால் ஒரு பயனும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை, யார் முதலில்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு தேவையில்லை. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு அவரவர் நிலைமையைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரையும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 முதல் 12 மாதம் வரையும் இடைவெளி வைக்கலாம் என்கிறது. ஈறு நன்றாக இருந்து, சொத்தையும் இல்லாமல், புகையிலைப் பழக்கமும் இல்லாதவர் வருடத்துக்கு ஒரு தடவை காட்டினால் தப்பில்லை. ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டு போகாமலே இருப்பதைவிட, வருடம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டு போவது மேல்.

வீட்டில் எல்லோரையும் ஒரே மாதத்தில் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றால் நான் வைக்கிற வரிசை இது.

முதலில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை. அந்த வயதில் பால் பல் எதுவும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழவில்லையே, இதுவும் பால் பல்தான் போல, சொத்தையானால் விழுந்து முளைக்கும் என்று நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். விழுந்தால் விழுந்ததுதான். அதன் மேல் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷ் நுனி அதற்குள் போகாது. முளைத்ததும் காட்டினால் அந்தப் பள்ளங்களை ஊசியும் குடைதலும் இல்லாமல் ஒரு பூச்சால் அடைத்துவிடலாம். சில நிமிட வேலை. பரீட்சை முடிந்து மாங்காய் சீசன் தொடங்குகிற லீவில் போய்வந்தால் பள்ளிக்கூடமும் கெடாது.

அடுத்து சர்க்கரை நோய் உள்ளவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஈறைக் காட்ட நாம்தான் போக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர அடம்பிடிக்கும். துலக்கும்போது ரத்தம் வருகிறது, பல் நீண்ட மாதிரி தெரிகிறது, கறி கடிக்கும்போது ஆடுகிறது என்றால் வருடம் ஒரு தடவை போதாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஈறைக் காட்டலாம்.

அதே வரிசையில் மாசமாக இருக்கிற பெண்களையும் வைக்கலாம். அந்த மாதங்களில் ஈறு சீக்கிரம் வீங்கும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கிளீனிங், அடைத்தல் எல்லாம் சௌகரியமாகச் செய்துகொள்ளலாம். வலி தாங்க முடியவில்லை என்றால் மற்ற மாதங்களிலும் பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் வெற்றிலை, பாக்கு, புகையிலை, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர். இவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் கஷ்டம். ‘பல் நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். பார்க்க வேண்டியது பல்லை மட்டும் இல்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைத்துப்போய், காரம் பட்டால் எரிந்து, வாய் முன்பு போலத் திறக்காமல் போவது புற்றுநோய்க்கு முந்தைய நிலையின் அடையாளம். மூன்று விரலை நெட்டுக்குத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, கிளினிக்கா கல்லூரியா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த வாரத்திலேயே அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.